பத்துப் பேர் வந்தால் போதும், பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. ஓசூரில் மாதம் ஒரு ஆவணப்படம் திரையிடலாம் என்று நீயும் உன் கூட்டாளிகளும் முடிவு செய்திருப்பதாக அம்மா சொன்னாள். நீ என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று: "யாருப்பா வருவா?" போனில் சொல்லி முடிகிற விஷயமில்லை. அதனால்தான் காகிதம் எடுத்தேன்.

பத்துப் பேர் வருவார்கள். மதுரையிலேயே பல நாள் அவ்வளவுதான். பாண்டித்துரைத் தேவர் 1901-இல் நான்காம் தமிழ்ச் சங்கம் கண்ட ஊர் இது. தமுஎகச என்கிற தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் 1975-இல் பிறந்ததும் இங்கேதான். கலை இலக்கிய இரவு என்றால் விடிய விடியத் தரையில் உட்கார்ந்து கேட்கிற சனம். அதே ஊரில் ஒரு நாவலுக்கு விமர்சனக் கூட்டம் போட்டுப் பார். பேசுகிறவர்கள், அவர்களோடு வந்தவர்கள், மழைக்கு ஒதுங்கினவர் ஒருவர், அவ்வளவுதான். அதற்காக யாரும் கூட்டம் போடுவதை நிறுத்தவில்லை.

இலக்கியக் கூட்டத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. வந்தவர்களில் பாதிப் பேர் புத்தகத்தைப் படித்திருக்க மாட்டார்கள். மேடையில் இருப்பவர் படித்தவர், கீழே இருப்பவர் படிக்காதவர் என்று ஆகிவிடுவதால் கேள்வியே எழாது, கைதட்டல்தான் எழும். ஆவணப்படத்தில் அந்தச் சிக்கல் இல்லை. எல்லோரும் ஒரே படத்தை, ஒரே நேரத்தில், இப்போதுதான் பார்த்து முடித்திருக்கிறார்கள். பேராசிரியரும் பார்த்திருக்கிறார், டீ கொண்டுவந்த பையனும் பார்த்திருக்கிறான். யார் வேண்டுமானாலும் வாய் திறக்கலாம். படம் முடிந்த பிறகு நடக்கிற அந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை பாடும். இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாகத் தெளியும்.

எங்கள் தலைமுறைக்கு ஆவணப்படம் என்றால் கொட்டகையில் மெயின் படத்துக்கு முன்னால் ஓடுகிற அரசாங்க நியூஸ் ரீல்தான். அணைக்கட்டு, மந்திரி, வெள்ளம். முறுக்கு வாங்க வெளியே போகிற நேரம் அது. அந்த எண்ணத்தை மாற்றியதில் ஆவணப்பட இயக்குநர் அமுதன் ஆர்.பி.க்குப் பெரிய பங்கு உண்டு. மறுபக்கம் என்ற பெயரில் அவர் 1998-இல் மதுரையில் ஆவணப்பட, குறும்பட விழாவைத் தொடங்கினார். வெளிநாட்டுப் படமெல்லாம் இங்கே ஒரு கல்லூரி ஹாலில் உட்கார்ந்து பார்க்க முடியும் என்பதே அப்போது எனக்கு அதிசயம்.

அவர் 2003-இல் எடுத்த 'பீ' 26 நிமிடப் படம். மதுரையில் கோயிலை ஒட்டிய ஒரு தெருவில் மலம் அள்ளும் அம்மாவின் பின்னாலேயே கேமரா போகும். அதை நாங்கள் ஒருமுறை எங்கள் பக்கத்தில் போட்டோம். விளக்கைப் போட்டதும் யாரும் பேசவில்லை. ஒரு தோழர் எழுந்து சாதி, அரசு, உலகமயம் என்று நீளமாகத் தொடங்கினார். பின்வரிசையில் மடியில் பிள்ளையைத் தூங்கவைத்திருந்த ஒரு பெண் குறுக்கே கேட்டாள்: "அந்தம்மா சோறு திங்கிறதுக்கு முன்னாடி கை எங்க கழுவுவாங்க?" தோழர் உட்கார்ந்துவிட்டார். அப்புறம் ஒரு மணி நேரம் பேச்சு முழுக்கத் தண்ணீர், கையுறை, சம்பளம், எந்தத் தெருவில் கழிப்பறை இல்லை என்பதுதான். யூடியூபில் தனியாகப் பார்த்திருந்தால் அந்தக் கேள்வி அவள் மனதோடு போயிருக்கும்.

முதல் மாதம் எந்தப் படம் என்று நீங்கள் சண்டை போட்டுக்கொள்வீர்கள். நீளமான படம் வேண்டாம். அரை மணி, மிஞ்சினால் ஒரு மணி. ஓசூரில் ஷிப்ட் முடிந்து வருகிறவன் அசதியில் இருப்பான், பஸ் நேரமும் பார்ப்பான். உங்கள் ஊரில் தமிழோடு தெலுங்கும் கன்னடமும் புழங்குவதால் சப்டைட்டிலையும் கவனி. இங்கிலீஷில் மட்டும் இருந்தால், நடுவில் இரண்டு இடத்தில் நிறுத்தி ஒருவர் சொல்லிவிடலாம். படம் எடுத்தவருக்கு முன்கூட்டியே எழுதி அனுமதி கேள், யூடியூபில் இருக்கிற படமானாலும் கேள். பலர் காசு வாங்காமலே கொடுப்பார்கள். முடிந்தால் படம் முடிந்ததும் வீடியோ காலில் அவரையே கூப்பிட்டுவிடு.

தொழிலாளர் ஊர் என்பதால் ஆர்.ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' நினைவுக்கு வருகிறது. 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகப் போன ஊர்வலத்தைப் போலீஸ் அடித்து விரட்டியதில் 17 பேர் தாமிரபரணியில் செத்துப்போனார்கள், அதைப் பற்றிய படம். ஆனால் அதையே முதல் படமாகப் போட வேண்டாம், கூட்டம் கொஞ்சம் பழகட்டும். இது என் யோசனை மட்டும்தான்.

போலீஸ் என்றதும் இன்னொன்று. பொது இடத்தில் படம் காட்டத் தணிக்கைச் சான்று வேண்டும் என்கிறது 1952-ஆம் ஆண்டுச் சட்டம். மும்பைத் திரைப்பட விழாவில் இதை வைத்துக் கிளம்பிய சண்டை, 2004-இல் விகல்ப் என்ற மாற்று விழாவில் போய் நின்றது. மலம் அள்ளுகிறவர்களைப் பற்றி நம்மூர் திவ்யபாரதி எடுத்த 'கக்கூஸ்' படத்தை 2017-இல் போலீஸ் திரையிட விடாமல் தடுத்தது, அவர் அதை யூடியூபில் வெளியிட்டார். பயமுறுத்தவில்லை. படத்துக்குச் சான்று உண்டா என்று விசாரித்து வைத்துக்கொள், ஹால்காரரிடம் என்ன படம் என்பதை மறைக்காதே. எங்களுக்கு ஒரு மண்டபத்துக்காரர் அன்று மத்தியானம் திடீரென்று சாவி தர மாட்டேன் என்றுவிட்டார். யாரோ அவருக்குப் போன் போட்டிருக்கிறார்கள். நண்பர் வீட்டு மொட்டை மாடிக்குப் போனோம். அன்றைக்கு வந்த கூட்டம் மண்டபத்தில்கூட வந்ததில்லை என்பது வேறு கதை.

படம் மங்கலாகத் தெரிந்தால் சனம் பொறுத்துக்கொள்ளும், சத்தம் கேட்கவில்லை என்றால் எழுந்து போய்விடும். ஆவணப்படத்தில் வசனகர்த்தா எழுதின வசனம் இல்லை, சாதாரண மனிதர்கள் தெருச் சத்தத்துக்கு நடுவே வாய்க்குள் பேசுவார்கள். தகரக் கூரை ஹாலில் மேடைப் பேச்சுக்கு வைக்கிற மைக் செட்டில் போட்டால் எல்லாம் எதிரொலியாகிவிடும். சின்ன ஸ்பீக்கர் இரண்டு, காது மட்டத்தில், நடுவரிசைக்குப் பக்கத்தில் வை. படம் ஓடும்போது மின்விசிறி சத்தத்தையும் கவனி. திரைக்கு நல்ல எட்டு முழ வேட்டி போதும், சுருக்கம் இல்லாமல் இஸ்திரி போட்டுக் கட்டு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி. ஆறு மணி என்று போட்டால் ஆறே முக்காலுக்குத்தான் வருவார்கள். ஆனாலும் நீ ஆறு பத்துக்குத் தொடங்கிவிடு, அடுத்த மாதம் அவர்களே திருந்துவார்கள்.

வரவேற்புரை, வாழ்த்துரை, பொன்னாடை எதுவும் வேண்டவே வேண்டாம். பொன்னாடை நுழைந்த இடத்தில் விவாதம் வெளியே போய்விடும். செலவுக்குக் கடைசியில் துண்டு ஏந்துங்கள், வெட்கப்படாதே, டீக்கும் வாடகைக்கும் தேறிவிடும். பேச்சு நேரத்தில் கேள்வி என்ற பெயரில் சொற்பொழிவு ஆற்ற ஒருவர் எல்லா ஊரிலும் இருப்பார். அவரைப் பகைத்துக்கொள்ளாதே, மழை பெய்தாலும் தவறாமல் வருகிற ஆள் அவர்தான். மைக்கை மட்டும் அவர் கையில் கொடுக்காதே.

என் பழைய புரொஜக்டரை வெள்ளிக்கிழமை ராத்திரி பஸ்ஸில் பார்சல் போடுகிறேன், விடிந்ததும் போய் எடுத்துக்கொள். வயர் எல்லாம் பைக்குள்ளே இருக்கிறது. படம் முடிந்த அவசரத்தில் யாராவது பிளக்கைப் பிடுங்கிவிடுவார்கள், விடாதே. உள்ளே விசிறி சுற்றி நிற்கும்வரை கரண்ட் இருக்க வேண்டும், இல்லையென்றால் விளக்கு போய்விடும். புது விளக்கு வாங்குகிற காசுக்கு ஆறு மாத வாடகை கட்டிவிடலாம்.

அன்புடன்,
அப்பா