இரண்டு பூட்டுகள் தொங்கிய ஆண்டு: வாசகர் வட்டச் செயலாளரின் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வட்டத்தின் மூத்தவர்களே, சகோதரிகளே, அனைவருக்கும் வணக்கம்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன். வழக்கமாக இது இரண்டு பக்கங்களில் முடிந்துவிடும். இந்த முறை நீண்டுவிட்டது. நீண்டதற்கான காரணத்தில் எனக்கும் பங்கு இருப்பதால், சுருக்கினால் மறைத்ததாகிவிடும் என்று அப்படியே விட்டுவிட்டேன்.

உறுப்பினர்கள் 84 பேர். ஆண்டுச் சந்தா 300 ரூபாயைச் செலுத்தியவர்கள் 71 பேர். மீதமுள்ள 13 பேரில் இருவர் செயற்குழுவில் இருக்கிறார்கள். பெயர் சொல்லவில்லை, அவர்களுக்கே தெரியும். மாதக் கூட்டங்கள் பத்து நடந்தன. டிசம்பர் கூட்டம் மழையால் நின்றது. ஜூலைக் கூட்டம் எங்களால் நின்றது.

ஏப்ரல் தேர்தலை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பதினான்கு ஆண்டுகளாக வட்டத்தை நடத்தியவர்களை எதிர்த்துப் புதிய அணியாக நின்றோம். பதினொரு இடங்களில் ஒன்பதைப் பிடித்தோம். அன்று மாலை மைக் கட்டி, வடையும் தேநீரும் கொடுத்து, மாலை போட்டுக்கொண்டோம். ஒரு வாசகர் வட்டத்துக்கு அது சற்று அதிகம்தான். அந்தச் செலவுக்காக வசூலித்த நன்கொடையில்தான் வம்பு பிறந்தது. மூன்றாம் எண் ரசீதுப் புத்தகத்தில் 41 முதல் 45 வரை ஐந்து தாள்கள் இல்லை. பொருளாளர் அதைக் கண்டுபிடித்தார். கண்டுபிடித்தவர் செயற்குழுவில் கேட்காமல், பஸ் நிலையத் தேநீர்க் கடையில், தோற்ற அணியினர் இருவர் அமர்ந்திருந்தபோது, "அந்த அஞ்சு ரசீது எங்கே?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வந்தது. விளக்கம் கேட்டு அவருக்குக் கடிதம் அனுப்பினேன். மறுநாள் பதிவேடுகள் இருக்கும் பீரோவில் அவர் ஒரு புதுப் பூட்டைப் போட்டார். அதற்கு மறுநாள் நான் இன்னொன்றைப் போட்டேன். இரண்டும் நம் திண்டுக்கல் பூட்டுகள்தான், உடைத்துத் திறக்க யாரும் துணியவில்லை. இருவரும் சேர்ந்து வந்தால்தான் பீரோ திறக்கும் என்ற நிலை. முதல் ஐந்து வாரங்கள் இருவரும் சேர்ந்து வரவில்லை. கூட்டப் பதிவேடும் வருகைப் பதிவேடும் உள்ளே இருந்ததால் ஜூலைக் கூட்டம் நடக்கவில்லை.

தோற்ற அணியின் மூத்தவர் ஒருவர் ஆகஸ்டில் எழுந்து, "ஜெயித்த பிறகு ஏன் அடித்துக்கொள்கிறார்கள் என்பதையே இந்த ஆண்டுப் பொருளாக வைத்துக்கொள்ளலாமே" என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் கை தூக்கச் சொன்னபோது எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. ஆண்டு முழுவதும் ஒருமனதாக நிறைவேறிய தீர்மானம் அது ஒன்றுதான்.

எங்கோ போக வேண்டாம், நம் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம் என்று முடிவானது. 1971 மார்ச் தேர்தலில் தி.மு.க. 234 இடங்களில் 184-ஐப் பிடித்தது. அதற்கடுத்த ஆண்டே கட்சி இரண்டானது. நான்கு கூட்டங்களை இதற்கே ஒதுக்கினோம்.

முதல் கூட்டத்தில் ஓய்வு பெற்ற வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர் பேசினார். காமராசர் தலைமையிலான பழைய காங்கிரசுக்கு அந்தத் தேர்தலில் 15 இடங்களே கிடைத்தன. தி.மு.க. கூட்டணியில் இருந்த இந்திரா காங்கிரஸ் சட்டமன்றத்துக்குப் போட்டியிடவே இல்லை. எதிர்வரிசை அவ்வளவு மெலிந்துவிட்டால் எதிர்க்கட்சி ஆளும் கட்சிக்குள்ளேயே முளைக்கும் என்றார் அவர். அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தபோது முதல்வர் பதவிக்கு நெடுஞ்செழியன், கருணாநிதி என்று இரண்டு பெயர்கள் எழுந்தன. அப்போது எம்.ஜி.ஆர். கருணாநிதியின் பக்கம் நின்றார். அதே ஆண்டில் கருணாநிதி கட்சித் தலைவரும் ஆனார், எம்.ஜி.ஆர். பொருளாளர் ஆனார். அப்படிச் சேர்ந்து நின்ற இருவர்தான் மூன்றே ஆண்டுகளில் பிரிந்தார்கள்.

ஏன் என்ற கேள்விக்கு அன்று மண்டபத்தில் மூன்று விடைகள் கிடைத்தன. அமைச்சர் பதவி கேட்டுக் கிடைக்காத வருத்தம் என்றது ஒரு வரிசை. 1971 ஆகஸ்டில் மதுவிலக்கைத் தளர்த்தியதையும், முதல்வரின் மகன் மு.க.முத்து திரைக்கு வந்ததும் அவருக்கு மன்றங்கள் கிளம்பியதையும் எம்.ஜி.ஆரால் ஏற்க முடியவில்லை என்றது எதிர் வரிசை. டில்லி பின்னாலிருந்து இயக்கியது என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல். மூன்றையும் பதிவேட்டில் எழுதியிருக்கிறேன். எதற்கும் டிக் போடவில்லை.

செப்டம்பர் கூட்டம்தான் எனக்கு முள்ளாகக் குத்தியது. 1972 அக்டோபர் 8-ல் திருக்கழுக்குன்றம் பொதுக்கூட்டத்தில் எம்.ஜி.ஆர். கணக்குக் கேட்டார். அமைச்சர்கள், சட்டமன்ற உறுப்பினர்கள், மாவட்ட, வட்டப் பொறுப்பாளர்கள் எல்லோரும் தங்கள் சொத்துக் கணக்கைக் காட்ட வேண்டும் என்றார். 10-ஆம் தேதி தற்காலிகமாக நீக்கப்பட்டார். 14-ஆம் தேதி பொதுக்குழு அதை உறுதி செய்தது. 17-ஆம் தேதி அண்ணாவின் பெயரோடு புதுக் கட்சி பிறந்துவிட்டது. பேச்சுக்கும் புதுக் கட்சிக்கும் இடையே பத்து நாள்கூட முழுதாக இல்லை. நம் வட்டத்தில் ஒரு சுற்றறிக்கை அச்சாகி வரவே அதைவிட அதிக நாளாகிறது.

கணக்கை எந்த இடத்தில் கேட்பது என்பதில்தான் அன்று வாதம் சூடேறியது. கட்சியின் பொருளாளரே அவர். கணக்குச் சொல்ல வேண்டியவரே மேடையேறிக் கணக்குக் கேட்டால் எப்படி, செயற்குழு, பொதுக்குழு எல்லாம் எதற்கு இருக்கின்றன என்று ஒரு தரப்பு கேட்டது. அன்றைய தி.மு.க. தலைமையின் வாதமும் ஏறக்குறைய இதுதான். குழுவுக்குள் கேட்டால் குழுவோடு போய்விடும், வெளியில் கேட்டால்தான் ஊர் கேட்கும் என்றது மறுதரப்பு. நான் முதல் தரப்பில் எழுந்து காரசாரமாகப் பேசினேன். பேசி முடித்து உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், பொருளாளர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மண்டபத்தில் பலரும் தலையைக் குனிந்து சிரித்தார்கள்.

வீட்டுக்குப் போய் என் பழைய நாட்குறிப்பைக் குடைந்தேன். 41 முதல் 45 வரை ஐந்து ரசீதுகளும் நான்காக மடித்து அதற்குள் இருந்தன. தொகையைத் தப்பாக எழுதிக் கிழித்தவை. ரத்து என்று குறித்துப் புத்தகத்திலேயே ஒட்டி வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. பணம் எதுவும் குறையவில்லை என்பது சரி. ஆனால் பொருளாளர் கேட்டதும் சரி. அவர் கேட்ட இடம் தப்பு என்று நான் இன்னும் நினைக்கிறேன், ஆனால் முன்பிருந்த உறுதி இப்போது இல்லை. அக்டோபர்க் கூட்டத்தில் ஐந்து தாள்களையும் மேசைமேல் வைத்தேன். அன்று மாலையே இரண்டு பூட்டுகளும் கழன்றன.

அந்த அக்டோபர்க் கூட்டத்துக்கு மூத்த வழக்கறிஞர் ஒருவர் வந்திருந்தார். 1972 டிசம்பர் 2-ஆம் தேதி சட்டமன்றத்தில் நடந்ததை அவர் விவரித்தார். சபாநாயகர் கே.ஏ.மதியழகன் தி.மு.க.வைத் தொடங்கிய ஐம்பெரும் தலைவர்களில் ஒருவர். அதற்குள் அவர் எம்.ஜி.ஆர். பக்கம் சாய்ந்திருந்தார். அவரை நீக்கும் தீர்மானத்தோடு ஆளும் கட்சி வந்திருந்தது. மதியழகன் தம் இருக்கையில் இருக்க, பக்கத்திலேயே இன்னொரு நாற்காலி போடப்பட்டது. அதில் துணை சபாநாயகர் பெ.சீனிவாசன் அமர்ந்து அவையை நடத்தத் தொடங்கினார். 1967-ல் விருதுநகரில் காமராசரைத் தோற்கடித்த அதே சீனிவாசன்தான். ஒரே அவையில் இரண்டு நாற்காலிகள், இரண்டு சபாநாயகர்கள். இவர் ஒருவரைப் பேச அழைத்தார், அவர் இன்னொருவரை அழைத்தார். கூச்சலுக்கு நடுவே மதியழகன் நீக்கப்பட்டார். வழக்கறிஞர் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது யாரோ பின்னாலிருந்து "நம்ம பீரோ மாதிரி" என்றார். அதையும் குறிப்பில் சேர்த்துவிட்டேன்.

எம்.ஜி.ஆரும் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எம்.கல்யாணசுந்தரமும் தி.மு.க. அரசின் மீது குடியரசுத் தலைவர் வி.வி.கிரியிடம் கொடுத்த ஊழல் புகார் மனுக்கள், அவற்றை விசாரிக்க 1976-ல் சர்க்காரியா கமிஷன் அமைக்கப்பட்டது ஆகியவற்றையும் அவர் தொட்டார். நேரமில்லாததால் விரிவாகப் பேசவில்லை. அடுத்த ஆண்டு வைத்துக்கொள்ளலாம்.

நவம்பரில் மண்டபம் நிரம்பி வாசலில் நின்றார்கள். ஊர்க் கதை அல்லவா! 1973 மே 20 திண்டுக்கல் நாடாளுமன்ற இடைத்தேர்தல். புதுக் கட்சியின் வேட்பாளர் கே.மாயத்தேவர், வழக்கறிஞர். தேர்தல் அதிகாரி காட்டிய சின்னங்களிலிருந்து இரட்டை இலையைத் தேர்ந்தெடுத்தவர் அவர்தான். இரண்டரை லட்சத்துக்கும் மேல் வாக்குகள் வாங்கி வென்றார். பழைய காங்கிரஸ் இரண்டாவது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் 184 இடங்களை வென்ற ஆளும் கட்சி மூன்றாவது.

அன்று பேச்சாளர் யாரும் இல்லை, உறுப்பினர்களே பேசினார்கள். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் அப்போது பதினோரு வயதுப் பையன். சுவர்களில் ஆமணக்கு இலையைக் கசக்கி இலைச் சின்னம் வரைந்தார்களாம். எந்தக் கட்சி ஜீப் வந்தாலும் பையன்கள் இரண்டு விரலைக் காட்டுவார்கள், ஆளும் கட்சி ஜீப்பிலிருந்தவர் இறங்கித் துரத்தினார் என்றார். முன்னாள் அச்சுக் கோப்பவர் ஒருவர் சொன்னதுதான் எனக்கு மறக்கவில்லை. 1972 அக்டோபரில் ஒரு பொதுக்கூட்டத்துக்கான சுவரொட்டிகள் அச்சாகிக் காய்ந்துகொண்டிருந்தன. நீக்கச் செய்தி வந்ததும், பொருளாளர் என்று இருந்த பெயரின் மேல் வெள்ளைத் துண்டுக் காகிதம் ஒட்டும் வேலை அவருக்கு வந்தது. பசையை அதிகமாகத் தடவிவிட்டார். காகிதம் ஊறி, அடியிலிருந்த பெயர் தெளிவாகவே தெரிந்தது. வேறு வழியில்லாமல் அப்படியே ஒட்டினார்கள்.

ஜனவரியில் மாணவர் பேச்சுப் போட்டி நடந்தது. பிப்ரவரியில் ஜனதா கட்சி. 1977-ல் நான்கு கட்சிகள் கலந்து வென்றதும், மொரார்ஜி தேசாய், சரண் சிங், ஜகஜீவன் ராம் மூவருக்குமே பிரதமர் நாற்காலியில் கண் இருந்ததும், 1979 ஜூலையில் ஆட்சி கவிழ்ந்ததும் நீங்கள் அறிந்ததே. அதற்குப் பின் வந்த சரண் சிங் அமைச்சரவையில் அ.தி.மு.க.வின் சத்தியவாணி முத்துவும் பாலா பழனூரும் இடம்பெற்றதை நம் இளைஞர்களில் ஒருவர்கூட அறிந்திருக்கவில்லை. மார்ச்சில் ஆந்திரம். 1994 டிசம்பரில் பெரும் வெற்றி பெற்ற என்.டி.ராமாராவ், எட்டு மாதங்களில் மருமகன் சந்திரபாபு நாயுடுவிடம் கட்சியையும் ஆட்சியையும் இழந்தார். அன்று வந்தவர்கள் 19 பேர், அதில் எட்டுப் பேர் கிரிக்கெட் பார்க்கச் சீக்கிரம் கிளம்பினார்கள். எனவே விவாதம் நடக்கவில்லை.

வரவு செலவு. முன்னிருப்பு ரூ.6,420. சந்தா ரூ.21,300. நன்கொடை ரூ.14,500. மொத்தம் ரூ.42,220. செலவில் மண்டப வாடகை ரூ.8,000, தேநீர் பிஸ்கட் ரூ.6,150, இதழ்ச் சந்தா ரூ.7,400, பேச்சாளர் பயணச் செலவு ரூ.9,300, அச்சும் தபாலும் ரூ.3,240. மொத்தச் செலவு ரூ.34,090. கையிருப்பு ரூ.8,130. இதை எழுதியவர் பொருளாளர். ஜனவரியில் அவர் கொடுத்த விலகல் கடிதத்தைச் செயற்குழு ஏற்கவில்லை. இருந்தாலும் அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். கணக்கு ஏட்டின் ஒவ்வொரு பக்கத்தின் கீழும் அவர் கையெழுத்தும் என் கையெழுத்தும் இருக்கின்றன. ரத்தான ஐந்து ரசீதுகளையும் அவரே கடைசிப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறார், பசை அளவாகத்தான் இருக்கிறது. ஏடு வாசல் மேசையில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் புரட்டலாம்.

புதிய செயற்குழுத் தேர்தல் ஏப்ரல் கடைசி ஞாயிறு காலை 10 மணிக்கு. சந்தா நிலுவை உள்ளவர்களுக்கு வாக்கு இல்லை என்பதை அந்த 13 பேருக்கும் நினைவூட்டுகிறேன். இந்த முறை மைக், மாலை, வடை இல்லை என்று தீர்மானித்திருக்கிறோம், தேநீர் உண்டு.

பீரோவில் இப்போது ஒரே பூட்டுதான். சாவிகள் இரண்டு. ஒன்று பொருளாளரிடம், ஒன்று என்னிடம். கழற்றிய பழைய பூட்டு பீரோவுக்குள் கீழ்த்தட்டில் இருக்கிறது. யாருக்காவது வீட்டுக்குத் தேவைப்பட்டால் ரசீது போட்டு வாங்கிக்கொள்ளலாம்.

நன்றி, வணக்கம்.

செயலாளர்