விழுந்த கோபுரங்களைக் கூட்டி அள்ளாதீர்கள்

கோபுரப் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்கும், அமைப்பாளர்களுக்கும், என்னைப் போன்ற நடுவர்களுக்கும்,

வணக்கம். செய்தித்தாள், ஸ்ட்ரா, ஐஸ் குச்சி, நூல், செல்லோடேப் என்று வீட்டில் கிடக்கும் பொருட்களைக் கொடுத்து, "எவ்வளவு உயரம் முடியுமோ கட்டுங்கள்" என்று மாணவர்களிடம் விட்டுவிடும் போட்டிகளுக்குப் பல தடவை நடுவராக வந்திருக்கிறேன். இன்னும் கூப்பிட்டால் வருவேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

கடைசியாக வந்த போட்டியில் நடந்தது இது. நேரம் முடிந்தபோது நின்றிருந்தவை நான்கே நான்கு. மற்றதெல்லாம் தரையில் கிடந்தது. நடுவர்கள் நாங்கள் அளவுநாடாவும் கையுமாக நின்ற நான்கையும் சுற்றிக்கொண்டிருந்தோம். இன்னொரு பக்கம் துடைப்பமும் சாக்குப் பையும் வந்துவிட்டன. அப்போது ஒரு மாணவி, மடிந்துபோன காகிதக் குழலைக் கையில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் வந்து நின்றாள். "சார், ஒட்டின இடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. இது ஏன் நட்டநடுவுல மடிஞ்சுது?"

"அப்புறம் சொல்றேன்மா" என்றேன். பரிசளிப்பு, கைதட்டல், புகைப்படம் எல்லாம் வந்தது. அந்த அப்புறம் மட்டும் வரவில்லை. வெளியே வரும்போது சாக்குப் பையின் வாயில் அவளுடைய குழல் நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். அன்றைக்கு அந்தக் கூடத்தில் கேட்கப்பட்ட ஒரே பொறியியல் கேள்வி அதுதான். பதில் தெரிந்தவன் பக்கத்திலேயே நின்றும் அதற்குப் பதில் கிடைக்கவில்லை.

சரி, பதிலை இங்கேயாவது சொல்லிவிடுகிறேன். ஒல்லியான தூணை மேலிருந்து அழுத்தினால், பொருள் நசுங்கும் முன்பே அது பக்கவாட்டில் நெளிந்துவிடும். இரண்டு முனையும் பிடிபட்டிருப்பதால் நடுப்பகுதிதான் அதிகமாக வெளியே தள்ளும், அங்கேதான் மடியும். எவ்வளவு சுமையில் நெளியும் என்பதை 18ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை லியோன்ஹார்ட் ஆய்லர் கணக்கிட்டுக் காட்டினார். தூணின் நீளம் இரண்டு மடங்கானால் தாங்கும் சுமை நான்கில் ஒன்றாகிவிடும். இதையே திருப்பிப் போட்டால் அந்த மாணவிக்கு வேண்டிய வைத்தியம் கிடைக்கும். குழலின் நடுவில் குறுக்குக் குழல்களைக் கொடுத்து, அந்த இடம் எந்தப் பக்கமும் நகராதபடி பிடித்துவிட்டால், அதே காகிதம் ஏறக்குறைய நான்கு மடங்கு சுமக்கும். ஏற்கெனவே ஒட்டின இடங்களில் கூடுதலாக ஒரு அங்குலம் டேப்கூட ஒட்டியிருக்க வேண்டாம். அவள் ஒட்டின இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

குழலின் பருமனும் கணக்கில் வரும். அதே தாளை ஊசிபோல இறுக்கிச் சுருட்டாமல் கொஞ்சம் அகலமாகச் சுருட்டினால் நெளிவுக்கு நன்றாகத் தாக்குப்பிடிக்கும். விட்டம் இரண்டு மடங்கானால் வலு சுமார் நான்கு மடங்கு. ஆனால் ரொம்பவும் அகலமாக்கினால் சுவர் மெல்லிசாகி, ஏதோ ஒரு இடத்தில் குழி விழுந்து மொத்தமாக அமுங்கிவிடும். எந்த அளவில் நிறுத்துவது என்பது சூத்திரத்துக்கு முன்னால் கைக்குத் தெரிந்துவிடும். மூன்று குழல் மூன்று விதமாகச் சுருட்டி, மேசைமேல் நிறுத்தி, உள்ளங்கையால் அமுக்கிப் பார்த்தால் போதும். ஆனால் அதற்கு முதலில் ஒன்று உடைய வேண்டும், உடைந்த பிறகு கையில் நேரமும் மிச்சம் இருக்க வேண்டும். நம் போட்டிகளில் அந்த இரண்டாவது வாய்ப்பே கிடையாது. ஒரே சுற்று, விழுந்தால் வெளியே.

நான் கேட்பது ஒன்றுதான்: போட்டியை இரண்டு சுற்றாக நடத்துங்கள். முதல் சுற்று சின்னதாக இருக்கட்டும், பரிசு வேண்டாம். அது முடிந்ததும் கால் மணி நேரம் எதையும் அள்ளாமல் விட்டுவிடுங்கள். மாணவர்கள் எல்லாக் குழுக்களின் இடிபாடுகளையும் சுற்றிப் பார்க்கட்டும். எது நடுவில் மடிந்தது, எது மூட்டில் பிரிந்தது, எது முழுசாக அப்படியே சாய்ந்தது என்று பார்க்கட்டும். அப்புறம் அதே அளவு பொருளைப் புதிதாகக் கொடுத்து மறுபடி கட்டச் சொல்லுங்கள். அந்தக் கோபுரத்தை அளங்கள்.

இதில் என் சொந்தச் சரக்கு அதிகமில்லை. பீட்டர் ஸ்கில்மன் வடிவமைத்த மார்ஷ்மெல்லோ சவால் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். வேகவைக்காத 20 ஸ்பகெட்டி (நூடுல்ஸ் மாதிரி உணவு) குச்சி, ஒரு கஜம் டேப், ஒரு கஜம் நூல், உச்சியில் வைக்க ஒரு மார்ஷ்மெல்லோ மிட்டாய், நேரம் 18 நிமிடம். டாம் வூஜெக் இதைப் பலவிதக் குழுக்களுக்கு நடத்திப் பார்த்து, 2010இல் ஒரு உரையில் விவரித்தார். சராசரியாகப் பார்த்தால் வணிக மேலாண்மை படித்தவர்களைவிட மழலையர் பள்ளிக் குழந்தைகள் உயரமாகக் கட்டினார்கள். பெரியவர்கள் திட்டம் போட்டு, கட்டி முடித்து, கடைசி நிமிடத்தில் மிட்டாயை மேலே வைப்பார்கள்; மொத்தமும் சரியும், நேரமும் முடிந்திருக்கும். குழந்தைகளோ ஆரம்பத்திலிருந்தே மிட்டாயை வைத்து வைத்துப் பார்த்து, அதே 18 நிமிடத்துக்குள் பல தடவை இடித்துக் கட்டிவிடுகிறார்கள். நம் மாணவர்கள் பள்ளியில் பல வருடம் இருந்து, முதல் தடவையிலேயே சரியாக வர வேண்டும் என்ற பயத்தைக் கற்றுக்கொண்டு வருகிறார்கள். போட்டியும் அதே பயத்துக்குப் பரிசு கொடுத்தால் எப்படி?

இரண்டாவது சுற்றுக்கு நேரம் இல்லை என்று சொல்வீர்கள். நானும் அதே மேடையில் உட்கார்ந்திருந்தவன்தான். உரைகள் எவ்வளவு நேரம் ஓடின என்று எனக்கும் தெரியும்.

அடுத்தது மதிப்பெண். உயரத்துக்கு மட்டும் மதிப்பெண் என்றால் மாணவர்கள் அதற்குத் தகுந்த மாதிரிதான் கட்டுவார்கள். கடைசி அரை நிமிடத்தில் உச்சியில் ஒற்றை ஸ்ட்ராவைச் செருகி இருபது சென்டிமீட்டர் ஏற்றிக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதை ஏமாற்று என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 1929இல் நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடத்தில் 56 மீட்டர் ஊசிக் கோபுரத்தை உள்ளுக்குள்ளேயே ரகசியமாகக் கோத்து வைத்து, கடைசியில் மேலே தூக்கி நிறுத்தித்தான் போட்டிக் கட்டடத்தை முந்தினார்கள். பெரியவர்களே செய்கிறார்கள். மாற வேண்டியது விதி.

அமெரிக்காவின் சயின்ஸ் ஒலிம்பியாட் என்ற மாணவர் அறிவியல் போட்டியில், கோபுரம் கட்டும் பிரிவில் தாங்கிய சுமையைக் கோபுரத்தின் சொந்த எடையால் வகுத்து மதிப்பெண் போடுகிறார்கள். குறைந்த பொருளில் நிறையச் சுமப்பதுதான் அங்கே வெற்றி. நாமும் உச்சியில் ஒரு சிறு சுமையை வைக்கச் சொல்லலாம், சமையலறைத் தராசில் கோபுரத்தை நிறுத்துப் பார்க்கலாம். ஒரு சுமை, ஒரு தராசு, அவ்வளவுதான் செலவு. ஈபிள் கோபுரத்தில் இருக்கும் சுமார் 7,300 டன் இரும்பையும் உருக்கி, நான்கு கால்களுக்கு நடுவே உள்ள 125 மீட்டர் சதுரத்தில் ஊற்றினால் ஆறு சென்டிமீட்டர் உயரம்தான் வரும். அந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பார்த்த மாணவர், மூட்டுக்கு மூட்டு டேப்பைச் சுற்றும் முன் கொஞ்சம் யோசிப்பார்.

நடுவர்களுக்குத் தனியாக ஒன்று. ஒரு போட்டியில் ஒரு குழு ஸ்ட்ராக்களைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து, உயரம் கூடக் கூட ஒவ்வொரு கட்டாகப் பாதியிலேயே முடித்துக்கொண்டே போனது. "பொருளை வீணடித்துவிட்டார்கள்" என்று என் சக நடுவர் ஒருவர் மதிப்பெண் குறைத்தார். நானும் வாதாடவில்லை. டாக்கா பகுதியில் பிறந்த பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கான் 1970களில் சிகாகோவின் 442 மீட்டர் சியர்ஸ் கோபுரத்தை நிறுத்தியதும் இதே யோசனையில்தான். ஒன்பது சதுரக் குழல்களை ஒன்றாகக் கட்டி, மேலே போகப்போக அவற்றை இரண்டு மூன்றாக முடித்துக்கொண்டே போயிருக்கிறார். மதிப்பெண் குறைக்கும் முன் "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அலங்காரத்துக்கு மதிப்பெண் கொடுக்கும் பழக்கத்தைப் பற்றி நான் எதுவும் சொல்லப்போவதில்லை. வண்ணக் காகிதத்துக்கும் எடை உண்டு, தராசு வந்தால் அதுவே பார்த்துக்கொள்ளும்.

கேள்வி கேட்பவர் மாணவர்தானே என்று தள்ளிவிடவும் முடியாது. 1978இல் நியூயார்க்கின் 59 மாடி சிட்டிகார்ப் கட்டடத்தைப் பற்றி ஆய்வேடு எழுதிய கல்லூரி மாணவி ஒருவர், மூலையிலிருந்து காற்று அடித்தால் என்ன ஆகும் என்று கேட்டார். அதன் தூண்கள் மூலைகளில் இல்லாமல் பக்கங்களின் நடுவில் இருந்தன. பற்றவைத்திருக்க வேண்டிய மூட்டுகள் போல்ட் போட்டு இணைக்கப்பட்டிருந்தன. பலமான புயல் வந்தால் அவை தாங்காது என்று கட்டமைப்புப் பொறியாளர் வில்லியம் லெமெஷூரியர் மறுபடி கணக்குப் போட்டபோதுதான் தெரிந்தது. இரவு இரவாக மூட்டுகளின் மேல் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துச் சரிசெய்தார்கள். 1995 வரை விஷயம் வெளியே தெரியாது. அங்கே பிரச்சினை மூட்டில்தான்.

இரண்டாம் சுற்றுக்கு இன்னொரு யோசனையும் உண்டு. அளக்கும் முன் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சிவப்புப் பேனா கொடுங்கள். "உங்கள் கோபுரம் உடைந்தால் எங்கே உடையும்? அங்கே ஒரு புள்ளி வையுங்கள்" என்று சொல்லுங்கள். உயரத்தை அளந்த பிறகு, உச்சியில் சுமையை ஏற்றிக்கொண்டே போய் எல்லாக் கோபுரங்களையும் உடையுங்கள், வென்றதையும் சேர்த்துத்தான். புள்ளிக்குப் பக்கத்தில் உடைந்தவர்களுக்குத் தனிப் பரிசு. முதல் பரிசுக்கு நிகரான பரிசாக இருக்கட்டும். தன் கோபுரத்தின் பலவீனம் எங்கே என்று முன்கூட்டியே காட்டத் தெரிந்த குழு எனக்கு உயரமாகக் கட்டிய குழுவைவிட ஒரு படி மேல். இதில் உங்களுக்குக் கருத்து வேறுபாடு இருக்கலாம், பேசுவோம். வீட்டிலிருந்து அப்பா அம்மா செய்துகொடுத்த பாகங்களோடு வருகிறவர்களும் இந்த இடத்தில் தானாகத் தெரிந்துவிடுவார்கள்.

அடுத்த தடவை என்னைக் கூப்பிடும்போது நேரத்தையும் இடத்தையும் மட்டும் சொல்லுங்கள், அளவுநாடா நானே கொண்டுவருகிறேன். துடைப்பத்தை மட்டும் எங்கேயாவது பூட்டி வைத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு குழலுக்குப் பதில் சொல்லக் கடன்பட்ட நடுவர்