மேலாளருக்கு யார் துணை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தொழிலாளிக்கும் நிர்வாகத்துக்கும் நடுவில் இருக்கும் மேலாளர்கள்தான் புதிய யோசனைகளுக்கு முட்டுக்கட்டை என்று பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது முழு உண்மையாகப் படவில்லை.

கோவையில் ஒரு பம்ப்செட் தொழிற்சாலையில் 18 ஆண்டுகள் ஃபிட்டராக இருந்தவன் நான். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரை, வேலை செய்யும்போது பிடித்துக்கொள்ளும் ஜிக் என்ற சாதனத்தைக் கொஞ்சம் மாற்றினால் நேரம் மிச்சமாகும் என்று அட்டையில் வரைந்து காட்டினேன். மேலாளர் நல்ல மனிதர். உற்றுப் பார்த்தார், தலையாட்டினார். அப்புறம், "நாலு பீஸ் வீணாப் போனா மேலே நான்தானே பதில் சொல்லணும்?" என்று அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல மனம் வரவில்லை. மாதக் கூட்டத்தில் நிர்வாகம் கேட்டதெல்லாம் எண்ணிக்கையும் கழிவும் மட்டும்தான்.

டாடா குழுமத்தில் முயன்று தோற்ற யோசனைகளுக்கும் விருது உண்டு. சோனியில் பொறியாளர் கென் குடராகியின் வீடியோ கேம் கருவியைப் பல அதிகாரிகள் எதிர்த்தபோது, தலைவர் நோரியோ ஓகா பக்கபலமாக நின்றார். 1994-ல் ஜப்பானில் அது பிளேஸ்டேஷன் என்ற பெயரில் கடைக்கு வந்தது.

நம் ஊர் முதலாளிகளும் மாதக் கூட்டத்தில், "புதிதாக என்ன செய்து பார்த்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். அதில் வீணாகும் நாலு பீஸை மேலாளர் தலையில் கட்டக் கூடாது.

– ஒரு வாசகர், கோவை