மீன் சாவதற்கு முன்பே நோயாகிறது

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆற்றில் மீன்கள் செத்து மிதந்தால்தான் செய்தியாகிறது. அதற்கு முன்பு மாதக்கணக்கில் அவை நோயில் கிடப்பதை யாரும் கவனிப்பதில்லை என்பதே என் வருத்தம்.

கழிவுநீர் கலக்கும் இடத்துக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். அது மூச்சுத் திணறல். கழிவைச் சிதைக்கும் பாக்டீரியாக்கள் நீரில் கரைந்த ஆக்சிஜனைத் தீர்த்துவிடுகின்றன. இரவில் பாசிகளும் எடுத்துக்கொள்வதால் விடியலில்தான் நிலைமை மிக மோசம். லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனாலே பல மீன்கள் தடுமாறும்.

அப்புறம் கழிவுநீரில் உள்ள அம்மோனியா. அது செவுளைக் கெடுக்கும். செவுள் மூடியைத் தூக்கிப் பார்த்தால், ரத்தச் சிவப்பாக இருக்க வேண்டிய இடம் வெளிறி, கோழை படிந்திருக்கும். இப்படித் தளர்ந்த உடலில் துடுப்பு அழுகலும் புண்ணும் சுலபமாகத் தொற்றிக்கொள்ளும்.

சுத்திகரித்து விட்ட கழிவுநீர் என்றாலும் நிம்மதியாக இருக்க முடியாது. கருத்தடை மாத்திரையின் ஹார்மோன் அதிலும் மிஞ்சுகிறது. கனடாவில் 2001 முதல் 2003 வரை ஓர் ஆய்வு ஏரியில் அதை லிட்டருக்குச் சுமார் 5 நானோகிராம் அளவில் கலந்து பார்த்தார்கள். ஆண் மீன்களின் விந்தகத்தில் முட்டை உண்டானது; ஒரு சிறுமீன் இனம் அந்த ஏரியில் ஏறக்குறைய அழிந்தே போனது.

ஆற்றுநீரைச் சோதிப்பவர்கள் ஆக்சிஜன் அளவை விடியற்காலையில் எடுக்க வேண்டும், மீன்களின் செவுளையும் பார்க்க வேண்டும். நண்பகல் அளவை மட்டும் வைத்து ஆறு நலம் என்று தயவுசெய்து எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்