பிரை என்றால் ஃப்ரை இல்லை

ஜோகன்னஸ்பர்க்,
செப்டம்பர் 28

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் போடாததற்குத் திட்டாதே. மகளுக்குத் தை மாதம் கல்யாணம் என்று எழுதியிருந்தாய், ரொம்ப சந்தோஷம். லீவுக்கு இப்போதே எழுதிக் கொடுத்துவிட்டேன். முழங்கால் வலிக்குத் தைலத்தை மாற்றிக்கொண்டே இருக்காமல் ஒரு டாக்டரைப் பார்.

அங்கே என்னதான்டா சாப்பிடுகிறாய் என்று கேட்டிருந்தாயே, ஒரே வார்த்தையில் சொல்லலாம்: பிரை, அதாவது விறகுக் கங்கில் சுட்ட இறைச்சி. ஆனால் அந்த வார்த்தை பிடிபடவே எனக்கு ஒரு வருஷம் ஆனது.

வந்த புதிதில், கூட வேலை பார்ப்பவர் ஒருவர் போனில் கூப்பிட்டார். சனிக்கிழமை நாலு மணிக்கு வீட்டில் பிரை, 'பிரிங் அண்ட் பிரை', வந்துவிடு என்றார். என் காதில் ஃப்ரை என்றுதான் விழுந்தது. மட்டன் ஃப்ரை போடுகிறார்கள் போல என்று மத்தியானம் பட்டினி கிடந்து, கையில் ஒரு டப்பா லட்டோடு போய் நின்றேன். அங்கே வந்த ஒவ்வொருவரும் அவரவர் இறைச்சியை அவரவரே கொண்டு வந்திருந்தார்கள். நெருப்பும் சாலடும்தான் வீட்டுக்காரர் பொறுப்பாம். அந்தப் 'பிரிங்'குக்கு அதுதான் அர்த்தம். நாலு மணிக்குப் போனேன், விறகைப் பற்ற வைத்ததே ஆறு மணிக்கு. வயிற்றுக்குள் ஏதாவது போனபோது எட்டரை. பசி தாங்காமல் என் லட்டில் மூன்றை நானே தின்றுவிட்டேன்.

வார்த்தை, டச்சிலிருந்து இங்கே கிளைத்த ஆஃப்ரிக்கான்ஸ் மொழியிலிருந்து வந்தது. சுடுவதற்கும் வறுப்பதற்கும் டச்சில் பிராடன் என்பார்கள். அது இங்கே தேய்ந்து பிரை ஆகிவிட்டது. முழுப்பெயர் பிரைஃப்ளேஸ், சுட்ட இறைச்சி. எழுதும்போது பி, ஆர் போட்டு, இரண்டு ஏ, ஒரு ஐ. அதை எழுத்துக்கூட்டிப் 'பிராய்' என்று படித்துக் கடைக்காரரிடம் சிரிப்பு வாங்கியவனும் நான்தான்.

இங்கத்து ஆங்கிலம் அதை அப்படியே விழுங்கிவிட்டது. அந்த மாலைக் கூட்டமும் பிரை, சுடுகிற அடுப்பும் பிரை, சுடுகிற வேலையும் பிரை. நாமாவது வெளி வார்த்தையை எடுத்தால் பின்னால் ஒரு 'பண்ணு' சேர்த்து ஒட்டுப்போடுவோம். இவர்கள் நேராக வாலை ஒட்டிவிடுகிறார்கள்: நேற்று பிரைட், இன்று பிரையிங். அந்தப் பிரையிங்கை எழுதினால் இரண்டு ஏ, இரண்டு ஐ வரிசையாக நிற்கும்!

பார்பிக்யூ என்று மட்டும் சொல்லிவிடாதே, முகம் சுளிப்பார்கள். அதுவும் இரவல் சரக்குதான். கரீபியத் தீவுகளின் டைனோ மக்கள் இறைச்சி வாட்டக் குச்சிகளால் கட்டிய பரணின் பெயர், ஸ்பானியர் வாயில் பார்பகோவா ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தது. கேஸ் அடுப்பில் சுட்டால் அது பிரையே இல்லை என்பது இங்கே பலருடைய கட்சி. விறகு எரிந்து கங்காக வேண்டும். அதுவரை எல்லோரும் சுற்றி நின்று பேச வேண்டும். இரண்டு மணி நேரப் பசியோடு இதை எதிர்த்தவன் நான், இப்போது அதே கட்சிக்கு வந்துவிட்டேன்.

விறகைப் பற்றித் தனிக் கடிதமே எழுதலாம். இங்கே பெட்ரோல் பங்கிலேயே மூட்டை கட்டி விற்கிறார்கள். கேமல்தார்ன் என்ற முள்மரம் இரும்பு மாதிரி, கங்கு நெடுநேரம் நிற்கும். கேப் டவுன் பக்கம் ரோய்கிரான்ஸ். மணல்மேடு நகராமல் இருக்க ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டு வந்து நட்ட வேலமரச் சாதி, பிறகு ஊரையே வளைத்துக்கொண்டது. ராமநாதபுரத்தில் சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரி மூட்டம் போடுகிறோமே, அதே கதைதான்.

கங்கு பதமா என்று பார்க்க, கம்பி வலைக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி எண்ணுவார்கள். இரண்டு எண்ணுவதற்குள் கையை இழுத்தால் சூடு அதிகம். அப்புறம் பூரவோர்ஸ், ஜிலேபி மாதிரி சுருட்டி வைத்த நீளமான சாஸேஜ். அதில் தொண்ணூறு சதவீதமாவது இறைச்சி இருக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. கொழுப்பு உருகிக் கங்கில் சொட்டி 'சுர்'ரென்று புகை எழும்பும்போது ஒரு வாசனை வரும் பார், நம் வீட்டுக் கொத்தமல்லி விதை! அதுதான் அதில் முக்கியமான மசாலா. முள்கரண்டியால் குத்தினால் சாறு போய்விடும் என்று என்னைத் தடுத்தார்கள். ஒருவர் இடுக்கி பிடித்திருக்கும்போது இன்னொருவர் கை வைப்பது மரியாதை இல்லை என்று தடுக்கிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது.

போன 24ஆம் தேதி இங்கே பாரம்பரிய தினம், விடுமுறை. குவாசூலு நடால் மாகாணத்தில் அது முன்பே சூலு மன்னர் ஷாகாவை நினைக்கும் நாள். 2005லிருந்து சிலர் அதைப் பிரை தினமாகக் கொண்டாட அழைத்தார்கள், 2007இல் பேராயர் டெஸ்மண்ட் டுட்டுவே அதற்குப் புரவலர் ஆனார். பாரம்பரியத்தை இறைச்சித் துண்டாகச் சுருக்கிவிட்டார்கள் என்ற முணுமுணுப்பும் உண்டு, அதில் நியாயம் இல்லாமல் இல்லை. இதே வேலைக்கு சூலு மொழியில் சீசா ஞாமா என்று வேறு பெயர் இருக்கிறது. கறிக்கடையில் துண்டைக் காட்டினால் அங்கேயே சுட்டுத் தருவார்கள், சோள மாவுக் களியோடு கையால் சாப்பிடலாம். எனக்கு அதுதான் இன்னும் வீடு மாதிரி இருக்கிறது.

வருகிற சனிக்கிழமை முதல்முறையாக என் வீட்டில் பிரை. இடுக்கி வாங்கியாயிற்று, விறகு மூட்டை பால்கனியில் கிடக்கிறது. ஆட்டுத் துண்டுகளை மிளகு, சீரகம் அரைத்து ஊற வைக்கப் போகிறேன். அம்மா போடுகிற அளவு உன் வீட்டில் தெரியுமே, கிலோவுக்கு எவ்வளவு மிளகு என்று தங்கச்சியிடம் கேட்டு உடனே எழுது. எல்லோரையும் நாலு மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஆறுக்குத்தான் பற்ற வைப்பேன்.

இப்படிக்கு,
உன் பழைய அறைத்தோழன்