மணி என்ன என்று கேட்பது

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஓடிவிட்டது. கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் நிம்மதி. “கணினியிடம் மணி என்ன என்று கேட்பதை எழுத உனக்கு இரண்டு மாதமா?” என்று கேலி செய்திருக்கிறாய். செய். நானும் அரைப் பக்கத்தில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.

லினக்ஸில் ஓடும் ஒரு நிரல், போர்டில் இருக்கும் வன்பொருள் கடிகாரத்தை (சுருக்கமாக ஆர்டிசி) எப்படிப் படிக்கிறது என்று ஆவணம் எழுத வேண்டும். இதில் முதல் வேடிக்கை, அநேக நிரல்கள் அதைப் படிப்பதே இல்லை! பூட் ஆகும்போது லினக்ஸின் மையமான கெர்னல் ஒருமுறை ஆர்டிசியைப் பார்த்து நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அப்புறம் பிராசசரின் கவுன்ட்டரை வைத்துத் தானே எண்ணிக்கொண்டு போகிறது. நிரல் நேரம் கேட்டால் கெர்னல் எண்ணிய அந்த நேரம்தான் கிடைக்கும். ஆர்டிசியையே பார்க்க வேண்டுமென்றால் அதற்கான டிவைஸ் கோப்பைத் திறந்து, ஐஓசிடிஎல் என்ற, சாதனங்களிடம் பேசுவதற்கான அழைப்பில் கேட்க வேண்டும். ஒரு சமயத்தில் ஒரு நிரல்தான் திறக்கலாம். இன்னொன்று வந்தால் ‘வேலையாக இருக்கிறேன்’ என்ற பிழையோடு திரும்ப வேண்டியதுதான். வருடம் 1900-ஐக் கழித்த எண்ணாக வரும், மாதம் பூஜ்யத்தில் தொடங்கும். இவ்வளவுதான் என் அரைப் பக்கம்.

அதற்கு அடியில் தோண்டியதுதான் தப்பாகப் போயிற்று. 1984-இல் ஐபிஎம் பிசி ஏடி வந்தபோது அதில் மோட்டரோலாவின் 146818 என்ற சில்லு இருந்தது. சில்லு மறைந்தாலும் அதன் நடத்தையை இன்றைய போர்டுகளும் காப்பாற்றி வருகின்றன. நொடிக்கு 32,768 முறை அதிரும் ஒரு படிகம். பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒரு துடிப்பு. ஹெக்ஸில், அதாவது பதினாறை அடியாகக் கொண்ட எண்முறையில், 70 என்ற போர்ட்டில் எந்த ரிஜிஸ்டர் (சில்லுக்குள் ஓர் எண்ணை வைக்கும் சின்ன அறை) வேண்டும் என்று எழுது, 71-இல் பதிலைப் படி. நான் ஒரு சின்ன நிரல் எழுதிப் பார்த்தேன். நொடி 89 என்று வந்தது. சில்லு பழுது என்று அரை நாள் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது: அது பிசிடி முறையில், ஒவ்வொரு தசம இலக்கத்தையும் தனித்தனியாக, வைத்திருக்கிறது. 59 என்பதை ஹெக்ஸில் 59 ஆகவே எழுதி வைத்திருக்க, நான் அதைச் சாதாரண எண்ணாகப் படித்து 89 ஆக்கியிருக்கிறேன். இத்தனை வருட அனுபவத்துக்கு அழகு!

அதைவிடப் பொல்லாத விஷயம் ஒன்று உண்டு. நொடி, நிமிடம், மணி ஒவ்வொன்றும் தனித்தனி ரிஜிஸ்டர். 1:59:59-இல் மணியைப் படித்துவிட்டு நிமிடத்துக்குப் போவதற்குள் சில்லு 2:00:00-க்கு மாறிவிட்டால், உன் கையில் 1:00:00 நிற்கும். ஒரு மணி நேரம் பின்னால்! அதனால்தான் ‘மாற்றிக்கொண்டிருக்கிறேன்’ என்று சொல்ல சில்லில் ஒரு பிட் வைத்திருக்கிறார்கள். அது பூஜ்யமாக இருந்தால், குறைந்தது 244 மைக்ரோநொடிக்கு எதுவும் மாறாது என்பது சில்லின் வாக்கு. அதற்குள் படித்து முடித்துவிட வேண்டும். நடுவில் ஓர் இன்ட்டரப்ட், ‘இதை முதலில் கவனி’ என்ற அவசர அழைப்பு, வந்து உன்னை இழுத்துக்கொண்டு போனால் அந்த வாக்கும் போச்சு. இந்தப் பாட்டையெல்லாம் கெர்னல் டிரைவர் (சில்லோடு பேசும் கெர்னலின் பகுதி) பட்டுவிடுவதால்தான் நிரலுக்கு ஓர் அழைப்போடு வேலை முடிகிறது.

சரி, படித்தாயிற்று. வந்த எண் எந்தக் கணத்தின் நேரம்? நான் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். ஆர்டிசி முழு நொடிதான் சொல்லும். நொடி அப்போதுதான் பிறந்ததா, சாகப்போகிறதா என்று தெரியாது. அதனால் ஆர்டிசியைப் படிக்கும் ஹெச்டபிள்யூகிளாக் போன்ற கட்டளை நிரல், அடுத்த நொடி புரளும் வரை காத்திருந்து, புரண்ட கணத்தில் கெர்னலின் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது.

சில நெட்வொர்க் அட்டைகளில் இருக்கும் பிடிபி கடிகாரம் (நெட்வொர்க் வழியாகக் கடிகாரங்களை ஒன்றோடொன்று ஒத்துப்போகச் செய்யும் முறைக்கானது) இதை இன்னும் வெளிப்படையாகவே செய்கிறது. நானோநொடி வரை சொல்லும் கடிகாரம் அது. ஆனால் அதைப் போய்ப் பார்த்துவரவே பல நூறு நானோநொடி ஆகலாம். எனவே கெர்னல் முதலில் தன் நேரத்தைக் குறிக்கிறது, அட்டையைப் படிக்கிறது, மறுபடி தன் நேரத்தைக் குறிக்கிறது. அட்டை சொன்ன கணம் அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. ஓர் அழைப்பில் இப்படி 25 முறை வரை எடுக்கலாம். இடைவெளி எதில் மிகக் குறைவோ அதை நம்பலாம். அட்டை டிஏஐ என்ற அணுக்கடிகார நேரத்தில் ஓடினால், உலகப் பொது நேரமான யுடிசியைவிட 37 நொடி முன்னால் நிற்கும் என்பது தனிக் கூத்து.

ஆக, ஒரு கடிகாரத்தைத் தனியாகப் படிக்கவே முடியாது, இன்னொன்றைப் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க முடியும். எனக்குத் தெரிந்து பல ஆவணங்கள் அழைப்பின் பெயரையும் அது திருப்பித் தரும் பிழைகளையும் பட்டியலிட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. வந்த எண்ணுக்கு எவ்வளவு வயது என்று சொல்லாத ஆவணம் எனக்கு ஆவணமாகவே படவில்லை. அரைப் பக்கம் பதினான்கு ஆனது அதனால்தான். சரிபார்க்கிறவர் பாதியை வெட்டச் சொல்கிறார். பட்டியலை வெட்டிக்கொள்ளட்டும் என்றிருக்கிறேன்.

உன் பழைய கணினி ஒவ்வொரு தடவையும் ஏதோ பழைய வருடத்தில் கண் விழிக்கிறது என்று எழுதியிருந்தாயே, போர்டில் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர்2032. அதை மாற்று. மாற்றியபின் நேரத்தைச் சரியாக வைத்து, அணைத்து, பத்து நாள் தொடாதே. பிறகு போட்டதும் இணையத்தோடு சேர்வதற்கு முன் ஆர்டிசி நேரத்தைப் பார்த்து, எத்தனை நொடி நகர்ந்திருக்கிறது என்று எழுது. படிகம் பத்து லட்சத்துக்கு இருபது பங்கு பிசகினால் நாளொன்றுக்கு 1.7 நொடி, பத்து நாளில் 17. உன்னுடையது எவ்வளவு என்று பார்ப்போம். பார்க்கும்போது நொடி புரளும் வரை காத்திரு.

அன்புடன்,
உன் பழைய மேசைத் தோழன்