அவையைக் கலைக்காதீர்கள்: நேபாளக் கட்சித் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

நேபாளி காங்கிரஸ், எமாலே (ஐக்கிய மார்க்சிய லெனினியக் கம்யூனிஸ்ட் கட்சி), மாவோயிஸ்ட், தெற்குச் சமவெளி மக்களின் மதேசிக் கட்சிகளின் தலைவர்களுக்கும் புதிதாகக் களமிறங்கியிருக்கும் கட்சியினருக்கும்,

வணக்கம். உங்கள் நாட்டில் எனக்கு ஓட்டு இல்லை. ஆனாலும் உங்கள் முதல் நாடாளுமன்றத்தின் கதையைப் படித்த நாள் முதல் அது என்னை விட்டு அகலவில்லை. அதனால் எழுதுகிறேன்.

1959 தேர்தலில் 109 இடங்களில் 74ஐக் காங்கிரஸ் வென்றது. பி.பி. கொய்ராலா பிரதமரானார். மேற்கே தொலைவில் உள்ள டடேல்துராவிலிருந்து வந்த துவாரிகா தேவி தாக்குரானி துணை அமைச்சரானார். பிரதமர் பதவியைப் பரம்பரையாக வைத்திருந்த ராணா குடும்பத்தாரும் அரண்மனைக்கு வேண்டியவர்களும் தலைமுறை தலைமுறையாக வரி கட்டாமல் அனுபவித்த பிர்தா நிலமுறையை ஒழிக்க அந்த அவை சட்டம் செய்தது. கிடைத்தது ஒன்றரை ஆண்டுதான். 1960 டிசம்பர் 15 அன்று மன்னர் மகேந்திரா அவையைக் கலைத்துப் பிரதமரைக் கைது செய்தார். கொய்ராலாவுக்கு எட்டு ஆண்டு சிறை. நாட்டுக்கு முப்பது ஆண்டு, கட்சிகளைத் தடைசெய்து மன்னரே ஆண்ட ‘பஞ்சாயத்து’ ஆட்சிமுறை.

அது மன்னர் செய்தது. 1990இல் பல கட்சி மக்களாட்சி திரும்பிய பிறகு நடந்தவற்றுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

1994இல் காங்கிரஸ் பிரதமர் கிரிஜா பிரசாத் கொய்ராலா சொந்தக் கட்சியினரே முரண்டு பிடித்ததால் அவையைக் கலைத்தார். 2002 மே மாதக் கலைப்பை நினைத்தால் இன்றும் மனம் ஆறவில்லை. நெருக்கடி நிலையை நீட்டிப்பதா வேண்டாமா என்பது காங்கிரசுக்குள் நடந்த சண்டை. அதைக் கட்சிக்குள் தீர்க்காமல், பிரதமர் தேவுபா அவையையே கலைத்தார். மாவோயிஸ்ட் கிளர்ச்சியாளர்களுடன் நடந்த உள்நாட்டுப் போருக்கு நடுவே குறித்த நாளில் தேர்தல் நடத்த முடியவில்லை. அக்டோபரில் மன்னர் ஞானேந்திரா அவரைப் பதவி நீக்கினார். தட்டிக்கேட்க அவை இல்லை. 2005 பிப்ரவரியில் மன்னரே ஆட்சியைக் கையில் எடுத்தார். 2006 ஏப்ரலில் 19 நாள் மக்கள் தெருவில் நின்ற பிறகே அந்த அவை மீண்டும் கூடியது.

இத்தனைக்குப் பிறகும் 2020 டிசம்பரில் பிரதமர் கே.பி. சர்மா ஒலி அவையைக் கலைத்தார். அப்போதும் காரணம் ஆளுங்கட்சிக்குள் இருந்த பகைதான். உச்ச நீதிமன்றம் மீட்டுத் தந்தது. 2021 மே மாதம் மறுபடியும் கலைப்பு. தேவுபாவைப் பிரதமராக்க ஆதரித்து 149 உறுப்பினர்கள் கையெழுத்திட்டிருந்தும் அது மதிக்கப்படவில்லை. ஜூலையில் மீண்டும் நீதிமன்றமே தலையிட வேண்டியிருந்தது.

2025 செப்டம்பர் 8 அன்று காத்மாண்டுவின் நயா பானேஷ்வரில், நாடாளுமன்றத்துக்கு வெளியே ஊழலையும் சமூக ஊடகத் தடையையும் எதிர்த்துப் போராடிய இளைஞர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். மறுநாள் அந்தக் கட்டடம் எரிந்தது. தீ வைத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனால் நாற்காலிச் சண்டைக்கு நீங்களே பகடையாக்கிய இடத்தைத் தங்கள் அவை என்று அந்தப் பிள்ளைகள் எப்படி நினைப்பார்கள்? மூன்று நாளில் அந்த அவையும் கலைந்தது.

உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாற்று அரசு அமைய வழியிருக்கும்வரை கலைப்பைப் பரிந்துரைக்க மாட்டோம் என்று எல்லாக் கட்சிகளும் சேர்ந்து எழுதிக் கையெழுத்திட்டு மக்கள் முன் வையுங்கள். அரசியல் சாசனத்தின் 76ஆம் பிரிவு சொல்வதும் அதைத்தானே. பிரதமரை மாற்ற வேண்டுமா, அவைக்குள் வாக்கெடுத்து மாற்றுங்கள். கட்சித் தலைவரை மாற்ற வேண்டுமா, உங்கள் மாநாட்டைக் கூட்டுங்கள். இனியாவது அவை ஐந்து ஆண்டும் இருக்கட்டும்.

அக்கறையுடன்,
எல்லைக்கு இப்பாலிருந்து ஒரு வாசகன்